ஒச்சம்மா சொன்னதும் நான் சொன்னதும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஏலிக்குட்டி டாக்டர். தங்கம்மா சிஸ்டர். கட்டிலில் வீராயி, இருபத்திரண்டு வயது இருக்கும். அவளுடைய மாமியார் ஒச்சம்மா. உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் கதவை ஒட்டி நின்ற வீராயியின் புருஷன் சின்னராசு. அவர்களைக் கொண்டுவந்த எஸ்டேட் ஜீப்பின் டிரைவர், கையில் சாவியோடு. அப்புறம் அட்டெண்டர் வேலையில் இருந்த நான். ஆக ஏழு பேர் என்றுதான் அன்று ரிஜிஸ்டர் எழுதும்போது சொன்னேன். டாக்டர் திருத்தினார். வீராயிக்கு அப்போது ஆறு மாதம். அதனால் எட்டு.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம், போன மாதம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் பார்த்த காட்சி. ஏலத்தோட்டங்களுக்கு இப்போது வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே இருந்து வருகிறார்கள். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் நெடுநேரம் பேசினாள். நர்ஸ் தன் போனை அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். போன் மலையாளத்தில் பதில் சொன்னது. எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. நர்ஸ் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த பெண்தான்.

"அண்ணே, இதெல்லாம் இல்லாம ஒங்க காலத்துல எப்பிடிச் சமாளிச்சீங்க?" என்றாள்.

"அப்ப நாந்தான் தாயி போனு," என்றேன்.

சிரித்தாள். நான் கேட்டேன்: "அந்தப் புள்ள அவ்வளவு நேரம் பேசுச்சே, எல்லாத்தையும் போனு சொல்லிருச்சா?"

"தெரியலண்ணே. ரெண்டு வரி வந்துச்சு."

அந்த இரண்டு வரி வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அப்பா கம்பத்திலிருந்து மலை ஏறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புப் பார்த்தவர். புகை அவர் நெஞ்சைக் கெடுத்ததும் அந்த வேலைக்கு நான் போனேன். பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியில் தரை கழுவச் சேர்ந்தேன். உடும்பஞ்சோலைக்கு அப்பால், எல்லையை ஒட்டிய கேரள மலையில் பத்துக் கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மருந்துப் பெட்டிக்குள் பாட்டில்களைச் சுற்றி வரும் மலையாளப் பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்து எழுத்துக் கூட்டினேன். நாலு வருஷத்தில் மலையாளம் வந்தது, அட்டெண்டர் வேலையும் வந்தது. கவலை மட்டும் பிறவியிலேயே உண்டு. குழாயை மூடினேனா, அலமாரியைப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். பூட்டியிருக்கும். இருந்தாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

டாக்டர்கள் கீழே கோட்டயம் பக்கத்திலிருந்து வருவார்கள். தமிழ் தெரியாது. எங்கள் ஜனங்களுக்கு மலையாளம் கடையில் அரிசி வாங்குகிற அளவுக்குத்தான். டாக்டர் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டினால் மாத்திரை கிடைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நெஞ்சு வலியா என்றாலும் ஆட்டுவார்கள், வயிறு வலியா என்றாலும் ஆட்டுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஏலிக்குட்டி டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, குளிருக்குக் கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தார். வந்த முதல் நாளே மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டார். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு நோயாளியின் முழங்கால் தன் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு நோயாளிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். "நான் உன்னைப் பார்த்துப் பேச மாட்டேன். அவரைப் பார்த்துத்தான் பேசுவேன். அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டும். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று எனக்குச் சொல்லாதே," என்றார். மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு அது புரியவே இல்லை. பெண்களைப் பரிசோதிக்கும்போது துணித் திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். உள்ளே ஒரு பெண், "முழுகாம இருக்கேம்மா, மூணு மாசம்," என்றாள். மீசை வைத்த நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மலையாளத்தில், "நான் கர்ப்பமாக இருக்கிறேன், மூன்று மாதம்," என்றேன். வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அவ்வளவு மலையாளம் தெரிந்திருந்தது.

"ஏந்தம்பி, வளைகாப்பு எப்ப? வளையலு ஒங்கைக்குப் பத்துமா?" என்று ஒருத்தி கேட்க, பெஞ்சே குலுங்கியது.

டாக்டர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அவருக்கு அவசரம் என்பதே இல்லை. மாத்திரைக் கவரின் மேல் ஒரு சூரியனும் ஒரு பிறைநிலாவும் தன் கையாலேயே வரைவார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று என் மூலம் சொல்லிவிட்டு, அதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். நோயாளி சொல்வதை நான் மறுபடி அவருக்குச் சொல்ல வேண்டும். தப்பாக வந்தால் நோயாளியைக் கடிந்துகொள்ள மாட்டார். "நான் சரியாகச் சொல்லவில்லை," என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

'நான்' போட்டுப் பேசப் பழகிவிட்டேன். ஆனால் ஒரு கெட்ட பழக்கத்தையும் கூடவே வைத்திருந்தேன். சுருக்கிச் சொல்வது. எங்கள் ஜனங்கள் காய்ச்சலைச் சொல்ல வந்தால் கொழுந்தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வெளியே நாற்பது பேர் நிற்பார்கள். வேண்டாததைத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் இரண்டு வரியில் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. கீழ்நாட்டுக்காரர்கள் முன்னால் எங்கள் ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருப்பதை நானாகவே மறைத்துவிடுவேன். முன்னால் இருந்த ஒரு கம்பவுண்டர் எங்கள் பெண்கள் வந்தால் மூக்கைப் பிடிப்பார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் அப்படி ஒரு கூச்சம்.

மாசி மாதம். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பருவம். காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. சின்னராசுவும் டிரைவரும் வீராயியைக் கம்பளியோடு தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். தலையில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. குளிர் பிரதேசத்தில் அது புதிதல்ல. வாயிலிருந்து நுரையாக எச்சில் வழிந்தது. உடம்பு வேர்த்து ஒழுகியது. கன்னமும் தோளும் துடித்துக்கொண்டே இருந்தன. கூப்பிட்டால் முனகினாள்.

தங்கம்மா சிஸ்டர் வயிற்றைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற இழுப்புத்தான் என்று சொல்லி அதற்கான ஊசியை எடுக்கப் போனார். டாக்டர் அப்போதுதான் டீ கிளாஸைக் கையில் வாங்கியிருந்தார். அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். அழுத்தம் கூடவில்லை. காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. அவர் நெற்றி சுருங்கியது. கையை நாடியில் வைத்தபடி ஒச்சம்மாவைப் பார்த்து, "காலையிலிருந்து என்ன நடந்தது?" என்று கேட்டார்.

ஒச்சம்மா மூச்சு விடாமல் பேசினாள். நடுநடுவே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முடிந்ததும் நான் சொன்னேன்: "காலையில் நன்றாகத்தான் இருந்தாள். கஞ்சி குடித்தாள். பிறகு வாந்தி எடுத்துக் கைகால் இழுத்துக்கொண்டது."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஒச்சம்மாவைப் பார்த்தபடியே பேசினார். "இவர் பேசி முடிப்பதற்குள் என் டீயில் ஆடை படிந்துவிட்டது. நீ சொன்னது மூன்று வரி. பாக்கி எவிடெ?"

மிச்சம் எங்கே என்று கேட்கிறார். சத்தம் போடவில்லை.

"மிச்சம் ஒன்றும் இல்லை டாக்டர். பெண்கள் பேச்சு," என்றேன்.

"எழுந்ததிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல். ஒன்று முடிந்ததும் நிறுத்தச் சொல். நீ அதைச் சொல். பிறகு அடுத்தது."

ஒச்சம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளன எந்திரிச்சேன்."

நான் அதிகாலையில் எழுந்தேன்.

"நாலு நாளா இவளுக்குத் தலை ஒரே அரிப்பு. ராப்பூரா ஒறக்கம் இல்ல. மாசமா இருக்கவ ஒறங்க வேணாமா."

அதையும் சொன்னேன்.

"நாந்தான் வாசல்ல ஒக்கார வச்சுத் தலையப் பாத்தேன். ஈரும் பேனுமா அப்பிக் கெடந்துச்சு."

இங்கே என் நாக்கு நின்றது. இதைத்தான் முதலில் தள்ளியிருந்தேன். பேன் பிடித்த ஜனங்கள் என்று சிஸ்டர் நினைப்பாரே என்ற கூச்சம். டாக்டர் காத்திருந்தார். வீராயியின் மூச்சு கரகரவென்று இழுத்தது. 'நான்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். "நான் இவள் தலையைப் பார்த்தேன். பேனும் ஈருமாக இருந்தது," என்றேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"எம்மகன் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்துல மிச்சத்தச் சீசாவுல வச்சிருந்தான். தேங்கா எண்ணெயில ரெண்டு மூடி கலந்து, தலை பூராத் தேச்சு, துண்ட இறுக்கிக் கட்டிவிட்டேன். கொஞ்சநேரம் ஊறட்டும், பேனு செத்துரும்னு."

லயத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம். அதனால்தான் அது எனக்கு ஒரு சேதியாகவே படவில்லை. நான் பாதி சொல்லும்போதே டாக்டர் கட்டிலுக்கு எழுந்துவிட்டார். துண்டை அவிழ்த்துக் குனிந்தார். பூண்டு வாடை அடித்தது. மருந்தடிக்கிற ஆட்களிடம் எப்போதும் அடிக்கிற வாடை. சின்னராசு மேலும் அடித்தது, ஜீப்பிலும் அடித்தது. பழகிப்போன என் மூக்குக்கு அதுவரை அது தெரியவில்லை. டாக்டர் வீராயியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். என்னை அருகே கூப்பிட்டுக் காட்டினார். கண்ணின் கறுமணி சுருங்கி ஒரு கடுகு அளவுக்கு நின்றது.

"அட்ரோபின்," என்றார் சிஸ்டரிடம். "மூன்று ஆம்பூல் ஒரே ஊசியில்." பூச்சிமருந்து விஷத்துக்கு அதுதான் முறிவு.

கதவோரத்திலிருந்து சின்னராசு பேசினான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. ஆத்தா ஒளறுது. எங்கிட்ட மருந்தே இல்ல." கண் டிரைவர் மேல் இருந்தது. எஸ்டேட் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனது தெரிந்தால் வேலை போய்விடும்.

டாக்டர் என்னிடம் கேட்டுப் புரிந்துகொண்டார். "இங்கே கணக்குக் கேட்பவர் யாரும் இல்லை. எந்த மருந்து என்று மட்டும் சொல்லட்டும்," என்றார். நான் தமிழில் சொன்னேன்.

டிரைவர் சாவியைக் கையில் மாற்றிக்கொண்டான். "எனக்குக் காது மந்தம்ப்பா. காலையில இருந்தே ஒண்ணும் கேக்கல," என்றான். சின்னராசு சுவரில் சாய்ந்தபடி மருந்தின் பெயரைச் சொன்னான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, கீழ் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருக்கிற அட்ரோபினை எல்லாம் வாங்கிவரக் காது மந்தமான அந்த டிரைவர்தான் பறந்தான்.

முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது முடி. இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி. எண்ணெயும் மருந்துமாகத் தோலில் ஊறிக்கொண்டே இருந்தது. சோப்புப் போட்டு எத்தனை முறை அலசினாலும் அடர்த்திக்குள் இருப்பது போகாது, ஒட்ட வெட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்றார் டாக்டர். சிஸ்டர் கத்தரிக்கோலோடு வந்தார். ஒச்சம்மா மருமகள் தலையின் மேல் இரண்டு கையையும் வைத்து மறித்துக்கொண்டாள்.

"எம்மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். அவன் உசுரோட இருக்கையில அவம்பொண்டாட்டிக்கு மொட்டையா? தாலி அறுத்தவளுக்குச் செய்யிற வேலைய எங்கண்ணு முன்னால செய்வீகளா?"

நான் ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். நானே மறிப்பதுபோல இருந்தது. டாக்டர் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வெட்டியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் ஒச்சம்மாவின் கையை எடுக்கவில்லை. "இது இவருடைய மகனுக்கு ஆகாது என்று பயப்படுகிறார், அப்படித்தானே?" என்று மட்டும் கேட்டார். ஒரு கை வீராயியின் நாடியில் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஆனால் மொழிபெயர்க்கிறவன் சொந்தமாகப் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "டாக்டர், எனக்கு ஒரு வார்த்தை சொந்தமாகச் சொல்ல வேண்டும்," என்றேன்.

அவர் அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "பற," என்றார். சொல் என்று அர்த்தம்.

"ஆத்தா, பழனிக்கு நேந்துக்கிட்டா என்ன?" என்றேன். "நேந்துக்கிட்டு எடுத்தா அது மொட்டையில்ல. முடிகாணிக்கை. கட்டுக்கழுத்திக எத்தன பேரு குடுக்குறாக."

ஒச்சம்மா என்னைப் பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். கை தளர்ந்தது. "பழனிக்கா," என்றாள். உடனே, "மஞ்சத்துணி வேணும். ஒண்ணேகா ரூவா முடியணும். எங்கிட்டச் சல்லிக்காசு இல்லையே தம்பி."

டாக்டரிடம் சொன்னேன். அவர் கழுத்தில் சிலுவைச் சங்கிலி உண்டு. ஞாயிறு தவறாமல் ஆறு மைல் நடந்து சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தார். புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தில் நனைத்த துணி டிரேயில் இருந்தது. தங்கம்மா சிஸ்டர் அதில் ஒரு முழம் பிழிந்து நீட்டினார். டாக்டர் பையிலிருந்து ஒரு ரூபாயும் ஒரு நாலணாவும் எடுத்தார்.

ஒச்சம்மா கையை நீட்டவில்லை. "ஓசிக் காசுல நேந்தா சாமி ஏத்துக்காது. கடன்னு சொன்னாத்தான் வாங்குவேன். திருப்பித் தந்துருவேன்னு சொல்லு."

நான் டாக்டரைப் பார்த்து, "நான் இதைக் கடனாக வாங்கிக்கொள்கிறேன். திருப்பித் தந்துவிடுவேன்," என்றேன்.

டாக்டர் ஒச்சம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்துப் பதில் சொன்னார். நான் ஒச்சம்மாவைப் பார்த்து, "நான் கடனாத்தான் தர்றேன். நீங்க திருப்பித் தரணும்," என்றேன்.

ஒச்சம்மா காசை முடிந்தாள், கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள், ஒதுங்கி நின்றாள். இதெல்லாம் நடந்தது இரண்டு நிமிஷத்துக்குள். முடி விழுந்தது. ரப்பர் உறை போட்டுக்கொண்டு தலையையும் கழுத்தையும் நான்தான் கழுவினேன். நாலு வாளித் தண்ணீர்.

பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசி. ஒவ்வொரு தடவையும் டாக்டர் மூன்று இடங்களைப் பார்ப்பார். வாய்க்குள் விரல் விட்டு ஈரம் பார்ப்பார், மார்பில் குழாய் வைத்துக் கரகரப்புக் கேட்பார், இமையைத் தூக்குவார். என்னையும் பார்க்கச் சொல்லி, ஒச்சம்மாவுக்கு உடனுக்குடன் சொல்லச் சொன்னார். "இன்னும் கடுகுதான் ஆத்தா." "கடுகுதான்." ஆம்பூல் தீரப்போகிற நேரத்தில் ஜீப் வந்தது. பகல் ஒரு மணிக்குப் பார்த்தபோது கறுமணி கொஞ்சம் பெரிதாக இருந்தது. என் கண்ணை நம்பாமல் இரண்டு முறை பார்த்தேன். "ஏலரிசி அளவுக்கு வந்திருச்சு," என்றேன். மூன்று மணிக்கு, "மொளகு." ஒரு மனுஷியின் கண் திறப்பதை அணு அணுவாக நின்று பார்த்தேன். எச்சில் வற்றியது. மூச்சு தெளிந்தது.

அப்புறம் வீராயி கைகளால் காற்றைக் கிள்ளத் தொடங்கினாள். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஏலக்காய் எடுக்கிற அதே விரல் அசைவு. "கூடை நெறஞ்சிருச்சு... யாராச்சும் எறக்கி விடுங்க," என்றாள். ஊசிமருந்து வேலை செய்வதால் வரும் பிதற்றல் என்றார் டாக்டர். அதையும் என்னைச் சொல்லச் சொன்னார். "கூடை நிறைந்துவிட்டது. யாராவது இறக்கி விடுங்கள்," என்றேன். டாக்டர் எழுந்து கூடையின் பட்டையை மாட்டும் அவள் நெற்றியில் கையை வைத்து, பாரத்தைத் தூக்கி இறக்குவதுபோல ஒரு அசைவு அசைத்தார். வீராயியின் கைகள் அடங்கின.

நாலு மணிக்கு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். நெடுநேரம் கேட்டார். ஒச்சம்மா என்னைப் பார்த்தாள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டாக்டர் குனிந்தபடியே இடது கையை நீட்டி, கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு விரலால் தட்டினார். டக்டக்டக்டக் என்று வேகமாக, நிற்காமல். ஒச்சம்மாவுக்கு ஒரு கணம்தான் பிடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

வீராயி பதினொன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். தலையில் முக்காடு. தோட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழனிக்கு எடுத்தது என்று ஒச்சம்மா எல்லோர் வாயையும் முன்கூட்டியே அடைத்திருந்தாள். அதற்கு முன்னால் நான் சுருக்கியதில் யார் யாருடைய எது போனதோ என்ற கவலை எனக்குப் பிடித்துக்கொண்டது. டாக்டரிடமே கேட்டேன். "தெரியாது முத்து," என்றார். "இனிமேல் சுருக்காதே." ஓய்வு பெறும் வரை சுருக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் திட்டத்தான் செய்தார்கள்.

ஆனி மாதம் வீராயிக்குப் பெண் பிறந்தது. அதே மாதம் டாக்டருக்கு மலபார் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது. தைப்பூசம் முடிந்து ஒச்சம்மா பஞ்சாமிர்த டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூடவே வீராயி, காது வரை வளர்ந்த முடியோடும் இடுப்பில் பிள்ளையோடும். மஞ்சள் துணியை உண்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். மடியிலிருந்து ஒரு ரூபாயையும் ஒரு நாலணாவையும் எடுத்தாள்.

"டாக்டரம்மா மாத்தலாகிப் போயிட்டாங்க ஆத்தா."

"அப்ப நீ வாங்கு."

"நான் எப்பிடி வாங்குறது?"

"ஏன், 'நான் தர்றேன், திருப்பித் தரணும்'னு எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னது நீதான. அன்னிக்கு அவுக வாயா நின்னயில்ல, இன்னிக்குக் கையா நில்லு," என்று என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டுப் போனாள்.

மாற்றலான ஊருக்குக் கார்டு போட்டேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வெளிநாடு போய்விட்டார் என்றார் தங்கம்மா சிஸ்டர். பிறகு சிஸ்டரும் போய்விட்டார். அந்தக் காசை மாத்திரைக் கவர் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். சூரியனும் பிறைநிலாவும் வரைந்த கவர். பத்திரமாக இருக்கிறதா என்று அலமாரியை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். நாலணா இப்போது எந்தக் கடையிலும் செல்லாது. கடன் வாங்கியதையும் என் வாய்தான் சொன்னது, கொடுத்ததையும் என் வாய்தான் சொன்னது. ஒச்சம்மா தன் கடனைத் தீர்த்துவிட்டாள். ஏலிக்குட்டி டாக்டருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒன்றேகால் ரூபாய்.